மாடியில் ஏசிக்குக் காவல் இருப்பவருக்கு

என் பவித்ரா அப்பாவுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் தாத்தா ஆகிவிட்டீர்கள். பெண் குழந்தை. மூக்கு அப்படியே உங்கள் மூக்கு. அந்த மூக்கு பவித்ராவுக்கு வராமல் தப்பித்தாள் என்று இத்தனை வருஷம் உங்களைக் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். நீங்கள் ஒரு தலைமுறை பொறுத்திருந்து பேத்தி முகத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டீர்கள்.

அடுத்த சேதி, நம் வீட்டு ஏசி ஓடுகிறது. சும்மா ஓடவில்லை, வேலூர் சம்பந்தியம்மா போர்வை கேட்கிற அளவுக்கு ஓடுகிறது. ஓட வைத்தது யார் தெரியுமா? நான்தான். மொட்டை மாடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, அவுட்டோர் யூனிட்டை என் கையால் தேய்த்துக் கழுவி ஓட வைத்தேன்.

சிரிக்காதீர்கள். ஸ்டூல் மேல் ஏறி ஒரு பல்பு மாட்டக்கூட என்னை விடாத மனுஷன் நீங்கள். "நீ ஊசியில நூல் கோத்தா போதும், மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்பீர்கள். பார்த்துக்கொண்டீர்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பார்த்துக்கொள்கிறவர் பாதியில் எழுந்து போய்விட்டால் என்ன செய்வது என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தீர்களா?

இந்தக் கடிதத்தை நாலு பேர் படிப்பார்கள் என்று பவித்ரா சொல்கிறாள். படிக்கட்டும். அவர்களுக்காகப் பழைய கதை கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் அரசு பஸ் டிரைவர். நான் வீட்டு முன்னறையில் ஜாக்கெட் தைக்கிறவள். திருவண்ணாமலையை ஒட்டின வேங்கிக்காலில் நாம் வீடு கட்டி வந்தபோது நம் தெருவில் யார் வீட்டிலும் ஏசி கிடையாது. ஒரு சித்திரை மாதம் நீங்கள் ஆட்டோவில் ஏசியோடு வந்து இறங்கினீர்கள். இது எதற்கு என்று நான் சத்தம் போட்டேன். "நான் இன்ஜின் பக்கத்துல உக்காந்து வேகுறேன், அது என் பொழப்பு. நீ ஏன் வூட்டுக்குள்ள உக்காந்து வேகணும்? வேர்வை பட்டுப் பட்டுத் துணியெல்லாம் கறையாவுதுன்னு நீதானே அழுவுற?" என்றீர்கள். அப்புறம் நான் ஏன் வாய் திறக்கிறேன்.

அறைக்குள் இருக்கிற பெட்டியை எல்லோரும் கவனிப்பார்கள். நீங்கள் கவனித்தது மாடியில் இருக்கிற பெட்டியை. அறையின் சூட்டை எல்லாம் வாங்கி வெளியே தள்ளுகிற அந்த அவுட்டோருக்குத்தான் உங்கள் மரியாதை. பின்பக்கம் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக மெல்லிய தகடுகள் இருக்கும். அதைப் பார்த்ததும், "அடியே, இது நம்ம வண்டி ரேடியேட்டர்டி!" என்று தொலைந்துபோன சொந்தக்காரனைக் கண்ட மாதிரி குதித்தீர்கள். டிப்போவில் வண்டி எடுப்பதற்கு முன்னால் ரேடியேட்டரில் அடைத்திருக்கிற பூச்சியையும் புழுதியையும் பிரஷ்ஷால் தட்டிவிட்டுத்தான் ஸ்டீயரிங்கைத் தொடுவீர்கள். சாப்பாடு கொண்டுவரும்போது பார்த்திருக்கிறேன். அதே பிரஷ்தான் வீட்டு மாடிக்கும் வந்தது.

ஒவ்வொரு பௌர்ணமி முடிந்ததும் மாடிக்குப் போவீர்கள். கிரிவலக் கூட்டம் கிளப்பிவிட்ட புழுதி ஊர் முழுக்கப் படிந்திருக்கும். லுங்கியை மடித்துக் கட்டி, மெயினை ஆஃப் பண்ணிவிட்டு, மேலிருந்து கீழாக ஒரே வாக்கில் தேய்ப்பீர்கள். "மூச்சு வுட வுடணும்டி. அது மூச்சு வுட்டாத்தான் நீ மூச்சு வுடுவ." ஆயுத பூஜைக்கு பஸ்ஸுக்கு வைக்கிற சந்தனப் பொட்டில் ஒன்று அதற்கும் உண்டு.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஐப்பசி மழையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. அதைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

உங்களுக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. உங்கள் டிப்போக்காரர்கள் தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஆள் உயரத்துக்கு மேலே, காக்கிச் சட்டையில் நீங்கள், மேலே பெரிய எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. எத்தனை பேருக்கு இப்படி வைப்பார்கள்? அழுகைக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போகிற பஸ் எல்லாம் அந்த முனையில் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

காரியம் முடிந்து ஃப்ளெக்ஸை இறக்கினார்கள். இப்போது இதை என்ன செய்வது? நம் பக்கத்தில் ஃப்ளெக்ஸை யாரும் வீணாக்க மாட்டார்கள். மாட்டுக் கொட்டகைக்குக் கூரை, வைக்கோல் போருக்கு மூடி, தண்ணீர்த் தொட்டிக்கு மறைப்பு என்று எதற்காவது ஆகும். கட்சிக்காரர் முகம் என்றால் கொட்டகையில் கட்டலாம். இது உங்கள் முகம். குப்பையில் போட முடியாது, கொளுத்த முடியாது, மாட்டுக்கு மேலே கட்ட முடியாது, மடித்துப் பரணில் போட்டால் எலி கடிக்கும். சொந்தக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

உங்கள் தம்பி ஏழுமலைக்குத்தான் யோசனை வந்தது. "அண்ணி, அண்ணன் உசுரா பாத்துக்கின பொருள் இன்னா? அந்த ஏசிதானே. அது மேலயே சுத்திக் கட்டிடலாம். வெயிலு, மழை, புழுதி ஒண்ணும் அண்டாது. அண்ணன் வாங்கின பொருளுக்கு அண்ணனே காவல்."

கேட்டதும் எல்லோருக்கும் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். கீழ்பென்னாத்தூர்க்காரன், மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டையை மழைக்கு மூடிக் கட்டிப் பழகின கை. நைலான் கயிறு போட்டு இழுத்து, எறும்புகூட நுழையாதபடி கட்டிவிட்டுத்தான் கீழே இறங்கினான். ஏசியை அக்கறையாகப் பார்த்துக்கொண்டவருக்கு நாங்கள் செய்த மரியாதை அது. இப்போது நினைத்தால் நீங்கள் மேலே தலையில் அடித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தோன்றுகிறது.

போன கோடையில் நான் அந்த ஏசியைப் போடவே இல்லை. அந்த அறையில் தனியாகக் குளிர்ச்சியாகப் படுத்திருக்க மனசு வரவில்லை. முன்னறையில் மிஷின் பக்கத்திலேயே பாய் போட்டுப் படுத்துவிட்டேன். மறுபடி ஸ்விட்சைப் போட்டது இந்தச் சித்திரையில், பவித்ராவைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்துவந்தபோதுதான்.

அப்பா இல்லாத வீட்டில் எதற்குப் பிரசவம், இங்கேயே பார்த்துக்கொள்கிறோமே என்று சம்பந்தியம்மா முதலிலேயே நல்லவிதமாகத்தான் கேட்டார்கள். நான் விடவில்லை. அப்பா போய்விட்டால் அம்மா வீடு இல்லை என்று ஆகிவிடுமா? என் பெண் என் வீட்டில்தான் பெற்றெடுப்பாள் என்று சொல்லி அழைத்துவந்தேன். குழந்தையும் நல்லபடியாகப் பிறந்தது. ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த அன்று கத்திரி வெயில் ஆரம்பித்தது.

ஏசி வேலையைக் காட்ட ஆரம்பித்ததும் அப்போதுதான். போட்டால் கொஞ்ச நேரம் குளிரும். அப்புறம் வெறும் காற்று. அப்புறம் அதுவும் நின்றுவிடும். காலையில் பரவாயில்லை. மத்தியானம் வந்தால் சண்டித்தனம் பண்ணும். குழந்தைக்குக் கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. பவித்ரா பால் கொடுக்க உட்கார்ந்தால் அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து வேர்த்து வழிந்தார்கள். நான் விசிறி எடுத்து வீசினேன். எவ்வளவு நேரம் வீசுவது?

சரியாக அப்படி ஒரு மத்தியானத்தில் சம்பந்தியம்மா பேத்தியைப் பார்க்க வந்தார்கள். குழந்தையைத் தூக்கி முதுகைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. புள்ள இந்த வெக்கையில வெந்துபோவுது பாருங்க. எங்க வூட்ல ஏசி நல்லா இருக்குது. நாளைக்கு மத்தியானம் கார் எடுத்துக்கினு வரேன். ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போயிடுறேன்."

வேலூரில் இருந்து வந்து திருவண்ணாமலையில் வெயில் ஜாஸ்தி என்கிறார்கள், கேட்டீர்களா? வேறு நேரமாக இருந்தால் நான் விட்டிருப்பேனா. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை. குழந்தை முதுகு சிவந்திருந்தது உண்மை. பவித்ரா என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். "இருக்கணும்னுதாம்மா இருக்குது. ஆனா பாப்பாவுக்கு முடியலியே" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் எனக்கு உயிர் போய் வந்தது.

தலைப்பிரசவத்துக்கு வந்த பெண்ணைப் பாதியில் அனுப்பினால் தெரு என்ன சொல்லும் என்பதை விடுங்கள். அவர் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று எனக்கே தோன்றுமே, அதற்கு யாரிடம் போய்ப் பதில் சொல்வேன்? அதுதான் என்னை அறுத்தது.

அவர்கள் கார் ஏறியதும் மெக்கானிக் இம்ரானுக்குப் போன் போட்டேன். நம் தெருவுக்கெல்லாம் அவன்தான் பார்க்கிறான், நல்ல பையன். கத்திரியில் அவனைப் பிடிப்பதும் திருவிழாக் கூட்டத்தில் தேர் வடத்தைப் பிடிப்பதும் ஒன்று.

"அக்கா, ஆசிரமம் பக்கம் வரிசையா ரூமுங்க. அத்தினி ஏசி வேலயும் ஒத்துக்கினேன். நாலு நாள் ஆவும்க்கா. கொஞ்ச நேரம் ஓடி நின்னுடுதுன்னா அவுட்டோர் சூடாவுது. அத்தச் சுத்தி எதுனா மூடியிருக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லப்பா. எங்க வீட்டுக்காரர் மட்டும்தான் மேல இருக்காரு."

அப்புறம் மெதுவாக, "அக்கா... அண்ணன் தவறிட்டாரே?" என்றான்.

பாவம், எனக்கு மூளை குழம்பிவிட்டது என்று பயந்திருப்பான். ஃப்ளெக்ஸ் விஷயத்தை விளக்கிச் சொன்னேன். "எத்தினி சுத்து சுத்தியிருக்கீங்க?" என்று கேட்டான். ஏழுமலை கட்டின விதத்தைச் சொன்னேன். "யா அல்லா" என்றான். அப்புறம், "முதல்ல மெயினை ஆஃப் பண்ணிட்டு அத்த அவுருங்கக்கா" என்றான்.

எனக்கு இன்னும் முழுசாகப் புரியவில்லை. மூடினால் நல்லதுதானே என்றுதான் இருந்தது. ஏசியை ஓட விட்டுவிட்டு மாடிக்கு ஏறிப் பார்த்தேன். வெயில் இறங்கியிருந்தது, மலை கறுத்து நின்றது. பக்கத்தில் போனதும் அனல் அடித்தது. ஃப்ளெக்ஸ் மேலே கை வைத்தேன். தோசைக்கல். உள்ளே ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்கிறது, காற்றுக்குத்தான் வெளியே வர வழியில்லை. அந்தத் துணி உள்ளே இழுத்துக்கொண்டும் வெளியே புடைத்துக்கொண்டும் தவித்தது. மூச்சு வுட வுடணும்டி என்று நீங்கள் சொன்னது அந்த நிமிஷம்தான் காதில் விழுந்தது. யார் அதன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது என்பதும் புரிந்தது. உங்கள் முகமேதான்.

ஏழுமலைக்குச் சொல்லாமல் கை வைக்கக்கூடாது என்று அவனுக்குப் போன் போட்டேன். அவனுக்குச் சுருக்கென்று கோபம்.

"அண்ணி, அது அண்ணன் மூஞ்சி. அத்தப் போயி அவுத்துக் கடாசறதுக்கா கட்டினேன்? ஞாயித்துக்கெழம வரேன், வந்து பாக்கலாம். அதுக்குள்ள கை வெக்காதீங்க, ஆமா."

"ஞாயித்துக்கெழம நீ வரும்போது ஏசி இருக்கும், ஏழுமலை. உங்க அண்ணன் பேத்தி இருக்க மாட்டா."

அவன் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. போனை வைத்துவிட்டேன்.

மறுநாள் விடிந்ததும் மாடிக்குப் போனேன். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். மெயினை ஆஃப் பண்ணினேன். நீங்கள் பார்க்கிறீர்களோ என்று இரண்டாம் தடவையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். உங்கள் பிரஷ், ஒரு வாளி, துணி காயவைக்கிற இடத்தில் இருக்கிற குழாய்க்கு ஒரு ஹோஸ், என் கத்தரிக்கோல். ஏழுமலை போட்ட முடிச்சு அவிழவே இல்லை. மனசைக் கல்லாக்கிக்கொண்டு கயிற்றை நறுக்கினேன்.

உங்களை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருக்கிறான். பிரித்ததும் உங்கள் முகம் நேராக என் முன்னால். ஃபேனுக்கு எதிரே இருந்த முகம், இரண்டு வாரமாக அந்த அனல் எல்லாம் உங்கள் மேலேதான். கன்னம் வெளுத்து, மீசை மேலே புழுதி கோடு கோடாகப் படிந்திருந்தது. நான் உட்கார்ந்து அழுதேன். யார் பார்க்கப்போகிறார்கள்? எதிர் வீட்டு மாடியில் ஒரு குரங்கு பார்த்தது, அவ்வளவுதான்.

ஏசியைக் கழுவ வந்தவள் முதலில் உங்கள் முகத்தைத்தான் கழுவினேன். ஷாம்பு போட்டு, மெதுவாக. பஸ் ஓட்டிவிட்டு வந்து வாசலில் நீங்கள் முகம் கழுவும்போது நான் தண்ணீர் ஊற்றுவேனே, அதே மாதிரி. மீசை மறுபடி கறுப்பாக வந்தது. உங்களைக் கைப்பிடிச் சுவர் மேலே காயப் போட்டுவிட்டு, "இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தேன்.

பின்பக்கத் தகட்டைப் பார்த்தால் கம்பளி போர்த்தின மாதிரி இருந்தது. அடியில் இருந்த சந்து வழியாக உள்ளே இழுத்த புழுதி, புறா இறகு, காய்ந்த இலை. அதற்கு நடுவில் பச்சையும் சிவப்புமாக நூல் பிசிறு. எல்லாம் என் ஜாக்கெட் துணிப் பிசிறுதான், மாடியில் உதறினது. முதலில் கையால் எடுக்க வந்ததை எடுத்தேன். அப்புறம் பிரஷ், மேலிருந்து கீழாக, ஒரே வாக்கில். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிவிடும் என்று நீங்கள் திட்டிக்கொண்டே தேய்ப்பீர்களே, யாரைத் திட்டினீர்கள் என்று இன்றுவரை தெரியாது. அப்புறம் தண்ணீர். பீய்ச்சி அடிக்காமல், கம்மியாக, மேலே இருந்து வழிய விட்டேன். வயர் போகிற பக்கம் ஒரு சொட்டு படவில்லை. கறுப்புத் தண்ணீர் ஓடியது, அப்புறம் பழுப்பு, அப்புறம் தெளிவு.

மடங்கியிருந்த தகடுகளை நிமிர்த்த என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். தையல் பிரிக்கிற ஊசிதான் இருந்தது. பட்டுத் துணியில் ஒரு இழை அறுபடாமல் தையல் பிரிக்கிற கைக்கு இது ஒரு வேலையா? ஒவ்வொரு மடிப்பாக நிமிர்த்தினேன். சுருக்கம் எடுத்த கொசுவம் மாதிரி வரிசையாக நின்றது. எனக்கே என் கையை எடுத்து முத்தம் கொடுக்கலாம் போல இருந்தது.

இன்னொன்று சொன்னால் நிஜமாகவே சிரிப்பீர்கள். கீழே போகிற செம்புக் குழாய் மேலே சுற்றியிருந்த கறுப்பு நுரையைக் குரங்குகள் பிய்த்து எறிந்திருந்தன. அங்கேயும் குளிர்ச்சி வீணாகிக்கொண்டிருந்தது. புதுசு வாங்கக் கடை திறக்கவில்லை. பேட் வைத்த ஜாக்கெட்டுக்கு வாங்கி வைத்திருக்கிற ஃபோம் கொண்டுவந்து, அளவெடுத்து வெட்டி, குழாயைச் சுற்றி டேப் ஒட்டினேன். இந்த ஊரிலேயே பேட் வைத்த குழாய் நம் வீட்டில்தான் இருக்கிறது.

முன்பக்கக் கம்பியில் உங்கள் ஆயுத பூஜைப் பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது. அதைத் தொடவில்லை. அது காற்றை மறைக்கவில்லை, இருக்கட்டும்.

ஈரம் காயும்வரை பொறுத்திருந்து, கீழே வந்து மெயினைப் போட்டேன். பவித்ரா ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சாமி கும்பிடுகிற மாதிரி நின்றாள். நர்ஸ் சொன்னபடி மிதமாகத்தான் வைத்தோம். காற்று வந்தது. அது தினமும்தான் வரும், வந்து ஏமாற்றும். வெயில் ஏறியது. பத்து மணி வெயில், பதினொரு மணி வெயில். நிற்கவில்லை. அவளே மாடிக்கு ஓடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அம்மா, மேல அனல் காத்தா வெளிய தள்ளுதும்மா! பக்கத்துல நிக்க முடியல!" என்று கத்தினாள். ஊரெல்லாம் அனல் காற்றைத் திட்டுகிற நாளில் நாங்கள் அதற்குச் சந்தோஷப்பட்டுக் கட்டிக்கொண்டோம்.

சொன்ன மாதிரியே மத்தியானம் கார் வந்தது. சம்பந்தியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "எல்லாம் எடுத்து வெச்சாச்சா?" என்று கேட்டபடி உள்ளே வந்தார்கள். அறை வாசலில் நின்றுவிட்டார்கள். குழந்தை கை இரண்டையும் விரித்துப்போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. மோர் கொடுத்தேன், சாப்பாடு போட்டேன். "கொஞ்ச நேரம் சாயுங்க சம்பந்தி, வெயில் தாழட்டும்" என்றேன். குழந்தைப் பக்கத்திலேயே படுத்தார்கள். அரை மணி நேரம் கழித்து உள்ளே இருந்து குரல் வந்தது.

"சம்பந்தி, ஒரு போர்வ இருந்தா குடுங்க. குளுருது."

அந்தப் போர்வையை நான் எப்படி எடுத்துக்கொண்டு போனேன் தெரியுமா? சீர்வரிசைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனேன். பவித்ரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

சாயங்காலம் காபி குடித்துவிட்டு அவர்கள் எழுந்தார்கள். பையை எடு என்று யாரிடமும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பவி அப்பா இல்லாத வூடு மாதிரியே இல்ல சம்பந்தி. மூணு மாசம் முடிஞ்சே அனுப்புங்க" என்றார்கள். காரில் தனியாகப் போனார்கள். கார் தெருமுனை திரும்புகிறவரை நிமிர்ந்து நின்றேன். உங்கள் ஃப்ளெக்ஸ் நின்ற அதே முனை.

ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தான். அண்ணனை என்ன பண்ணினீர்கள் என்றுதான் முதல் கேள்வி. நான் குழந்தையை அவன் மடியில் வைத்து அந்த அறையில் உட்கார வைத்தேன். கொஞ்ச நேரம் மூக்கைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். "மூட்டையா நெனச்சுக் கட்டிட்டேன் அண்ணி" என்றான். அவன் கண்ணில் தண்ணீர். அன்பாகத்தான் கட்டினான், அதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இல்லை.

உங்களை என்ன செய்தேன் என்றுதானே கேட்கிறீர்கள்? வெட்டினேன். கண்ணீர் அஞ்சலி என்ற எழுத்தை முதலில் வெட்டி எடுத்தேன். தேதியை வெட்டினேன். காக்கிச் சட்டையும் முகமும் மட்டும் இருக்கிற மாதிரி சதுரமாக எடுத்து, நாலு பக்கமும் மடித்துத் தைத்தேன். அந்தத் தடிமனுக்கு ஊசி உடைந்தது, வேறு போட்டுத் தைத்தேன். ஏழுமலை ஊரில் இருந்து சவுக்குக் கம்பு கொண்டுவந்து மண் நிரப்பின டின்னில் நாலு மூலையிலும் நிறுத்திக் கொடுத்தான். ஏசிக்கு மேலே தாராளமாக இடம் விட்டு, நாலு பக்கமும் காற்று போகிற மாதிரி உங்களைப் பந்தலாகக் கட்டினோம். நிழலும் ஆச்சு, மூச்சும் ஆச்சு. இம்ரான் வந்து பார்த்துவிட்டு, "இது சரிக்கா, இது மேல கை வெக்க ஒண்ணும் இல்ல" என்றான். முன்பு நீங்கள் அதை இறுக்கிக் கட்டிப் பிடித்திருந்தீர்கள். இப்போது குடை பிடிக்கிறீர்கள்.

முந்தாநாள் வேலூரில் இருந்து போன். சம்பந்தியம்மா வீட்டு ஏசி மத்தியானத்தில் நின்றுவிடுகிறதாம். "அவுட்டோர் மேல எதுனா மூடி வெச்சிருக்கீங்களா?" என்று இம்ரான் கேட்ட மாதிரியே கேட்டேன். கொஞ்சம் தயங்கினார்கள். அப்புறம் சொன்னார்கள். நம் பவித்ரா கல்யாண ஃப்ளெக்ஸ். மண்டப வாசலில் வைத்தோமே, மணமக்களை வாழ்த்த வருக வருக என்று, அதுதான். பிள்ளையும் மருமகளும் இருக்கிற படத்தை எப்படித் தூக்கிப் போடுவது என்று சுற்றிக் கட்டியிருக்கிறார்கள். போனைப் பிடித்துக்கொண்டு நான் சொல்லச் சொல்ல அவர்கள் மெயினை ஆஃப் பண்ணினார்கள், கயிற்றை அறுத்தார்கள், மேலிருந்து கீழாகத் தேய்த்தார்கள். "குறுக்க தேய்க்காதீங்க சம்பந்தி!" என்று நான் போனில் போட்ட சத்தத்தில் குழந்தை எழுந்துவிட்டது. அது முழுக்க உங்கள் குரல். பவித்ரா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஒன்று மட்டும் சொல்லாமல் விட்டேன். பந்தலில் உங்கள் முகத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பித்தான் கட்டச் சொன்னேன். வெயிலில் வெளுக்கக்கூடாது என்று ஏழுமலையிடம் காரணம் சொன்னேன். நிஜக் காரணம் வேறு. இந்தப் பௌர்ணமி முடிந்து பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு போய் முட்டி போட்டு உட்கார்ந்தேன். நிமிர்ந்தால் நீங்கள், நேராக என் கையையே பார்த்துக்கொண்டு. சரியாகத் தேய்க்கிறேனா?

நீங்கள் பதில் சொல்ல வேண்டாம், எனக்கே தெரியும். ஒவ்வொரு பௌர்ணமி முடிந்ததும் வருவேன். முதலில் உங்கள் முகத்தைத் துடைப்பேன், அப்புறம்தான் மற்ற வேலை. அந்த அறையில் உங்கள் பேத்தி ஒரு கோடையிலும் வேர்த்து எழுந்திருக்க மாட்டாள். இனிமேல் நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் குடையை மட்டும் பிடித்துக்கொண்டிருங்கள்.

இப்படிக்கு,
பவித்ராவின் அம்மா, உங்கள் மூக்குக்காரியின் ஆயா,
என்றும் உங்கள் வீட்டுக்காரி.